கண்புரை அறுவையின் வரலாறு: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

திருத்தணி வட்டாரத்தில் கண் மங்கிய முதியவர் ஒருவர் வைத்தியம் தேடி எங்கே போனார் என்பதை அந்த ஊரின் இருப்பிடமே பெரும்பாலும் தீர்மானித்து வந்திருக்கிறது. ரயிலேறினால் அரக்கோணம் வழியாகச் சென்னை, தென்மேற்கே வேலூர், வடக்கே திருப்பதி. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியதே தவிர, தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் அந்த மக்களின் வாழ்க்கை மாறவில்லை. அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் தறி. சுற்றிலும் நெல்லும் கரும்பும். கண்ணும் கையும் சேர்ந்து உழைத்தால்தான் கஞ்சி என்ற நிலையில் வாழ்பவர்கள் நிறைந்த பகுதி. கண்ணப்பர் தம் கண்ணைப் பெயர்த்து அப்பிய காளத்தி இங்கிருந்து வடக்கே இருக்கிறது. பார்வை இழந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் கிழக்கே, பூண்டிக்கு அருகில். கண்ணின் அருமையைத் தலபுராணமாகவே வைத்திருக்கும் நிலம் இது.

கண்புரை என்பது விழிக்குள் இருக்கும் வில்லை கலங்கிப்போவது. மருந்தாலோ பத்தியத்தாலோ அது தெளியாது. ஒளி போகும் வழியிலிருந்து அதை விலக்கியாக வேண்டும். எப்படி விலக்குவது என்ற கேள்விக்கு மருத்துவம் நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது: கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடுவது, வில்லையைச் சூழ்ந்த உறையோடு சேர்த்து எடுத்துவிடுவது, உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுப்பது, உள்ளேயே உடைத்து உறிஞ்சுவது. இந்த முறைகளை ஒப்பிடும் மருத்துவ நூல்கள் அறுவை மேசையில் நடப்பதையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றன. தமிழகத்தின் அனுபவத்தைப் படிக்கும்போது வேறொன்று புலப்படுகிறது. ஒரு முறை நிலைத்ததற்கும் மறைந்ததற்கும் காரணம், நோயாளி வீடு திரும்பிய பிறகு அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதுதான். இக்கட்டுரை அந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறது.

ஊசியின் காலம்

சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம், கபத்தால் வரும் பார்வை மறைப்புக்கு ஊசி முறையை விரிவாகச் சொல்கிறது. வாற்கோதுமை மணியின் முனை போன்ற நுனி கொண்ட சலாகையைக் காதுப்பக்கமாக வெள்விழியில் செலுத்த வேண்டும். இடக்கண்ணுக்கு வலக்கை, வலக்கண்ணுக்கு இடக்கை. சரியான இடத்தில் இறங்கியதற்கு ஒரு சத்தமும் ஒரு துளி நீரும் அடையாளம். கண்ணைத் தாய்ப்பாலால் நனைக்க வேண்டும். உருவங்கள் தெரியத் தொடங்கியதும் ஊசியை எடுத்துவிட்டு, நெய்யிட்டுத் துணிக்கட்டுப் போட்டு, நோயாளியை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். தும்மல், இருமல், ஏப்பம் எதுவும் ஆகாது. மூக்கைச் சிந்தச் சொல்லும் குறிப்பை வைத்துக்கொண்டு, புரை வெளியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என வாதிடுவோர் உண்டு. அது வில்லையைத் தள்ளிவிடும் முறைதான் என்பதே பெரும்பான்மை ஆய்வாளர் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முற்றிய வில்லை வெளியே வர வேண்டுமானால் அதற்கேற்ற அகலத்தில் வெட்டு வேண்டும். அப்படி ஒரு வெட்டு அந்த விவரணையில் எங்குமே இல்லை.

தமிழ்ச் சித்த மருத்துவ மரபு கண் நோய்களை 96 என்று வகைப்படுத்தியது. அகத்தியர் பெயரில் வழங்கும் நயனவிதி அந்த மரபின் நூல். ஆனால் கிராமங்களில் ஊசி வைத்தவர்கள் எல்லாரும் ஏடு படித்தவர்கள் அல்லர். தொழிலாகவே அதைச் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் பலர். அவர்கள் விட்டுச்சென்ற விளைவுகளை அறிவியல் முறையில் பதிவு செய்தவர், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1904 முதல் பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட். கண் அழுத்த நோய்க்கு அவர் 1909இல் கொண்டுவந்த துளை அறுவையால் உலகம் அவரை அறியும். என் பார்வையில், ஊசி முறையைப் பற்றி 1917 பிப்ரவரியில் லண்டன் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் அவர் ஆற்றிய ஹன்டேரியன் சொற்பொழிவுகள் அதைவிட முக்கியமானவை. ஊசி வைக்கப்பட்டுக் கெட்டுப்போய், சென்னை மருத்துவமனைக்கு வந்து அகற்றப்பட்ட கண்களைச் சேர்த்து வைத்து, வெட்டி ஆராய்ந்து, உள்ளே நடந்தது என்ன என்று காட்டினார். அந்தச் சொற்பொழிவுகள் பின்னர் நூலாக வந்தன.

ஊசி முறையில் வில்லை கண்ணை விட்டு வெளியே போவதில்லை. அதைத் தாங்கும் நுண்ணிழைகள் அறுந்து, பின்னால் இருக்கும் விழிக்கூழுக்குள் அது விழுகிறது. அந்த நொடியில் ஒளி உள்ளே பாய்வதால், விரல் தெரிகிறது, முகம் தெரிகிறது. கூடி நிற்பவர்கள் கண்ணெதிரே நிகழும் அற்புதம் அது. காசு கைமாறுவதும் அப்போதுதான். வாரங்கள் கழிந்த பின் கதை வேறாகிறது. கொதிக்க வைக்காத ஊசி கொண்டுபோன கிருமியால் கண் சீழ் பிடிக்கலாம். உறை கிழிந்து கசியும் வில்லைச் சத்து உள்ளே அழற்சியை மூட்டலாம். கண்ணின் நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறி, நரம்பு செத்துப் போகலாம். அதற்குள் ஊசி வைத்தவர் பல ஊர் கடந்திருப்பார். தன் கையால் கெட்ட கண்ணை அவர் பார்க்க நேர்வதே இல்லை. எலியட்டுக்கோ கெட்ட கண்கள் மட்டுமே வந்து சேர்ந்தன. ஆகவே அவருடைய தொகுப்பிலும் ஒரு சாய்வு உண்டு. நல்லபடியாகத் தேறியவர் மருத்துவமனைக்கு வந்திருக்க மாட்டார். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், அவர் காட்டிய சேதத்தின் அளவு மறுக்க முடியாதது.

இவ்வளவு கெடுதல் இருந்தும் மக்கள் ஏன் ஊசிக்காரரை நாடினார்கள் என்பதை அறியாமை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். அவர் வீட்டுத் திண்ணைக்கே வந்தார். படுக்கையில் நாட்கணக்காகக் கிடக்க வேண்டியதில்லை. துணைக்கு ஓர் ஆள் வேலையை விட்டுவிட்டு ரயிலேறி வர வேண்டியதில்லை. அக்காலத்து ஆஸ்பத்திரியால் இவற்றில் ஒன்றைக்கூடத் தர முடியவில்லை.

வெட்டி எடுத்தல்

பிரான்ஸின் ஷாக் தவியேல், கருவிழியின் கீழ்ப்பாதியில் வெட்டி, உறையைத் திறந்து, வில்லையைப் பிதுக்கி எடுக்கும் முறையை 1753இல் வெளியிட்டார். அது பரவ நூறாண்டு பிடித்தது. ஐரோப்பாவிலும் ஊசி முறை எளிதில் ஒழியவில்லை. தமிழகத்தில் இந்தப் புதிய கலைக்கு இரண்டு வாசல்கள் திறந்தன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் விவரங்களைத் தனித்தனித் தாள்களில், நோயுற்ற கண்ணின் வண்ணப்படத்தோடு பதியச் செய்தார். அவை இன்றும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஊசிக்காரரிடம் இல்லாதது இந்தப் பதிவு ஒழுங்குதான். இன்னொரு வாசல், 1819இல் சென்னையில் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு. எலியட் பணியாற்றியதும் இங்கேதான்.

1884இல் கார்ல் கொல்லர் கோக்கைன் சொட்டால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டும்வரை, இந்த அறுவை வலியோடுதான் நடந்தது. மரப்பு மருந்து வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. உறையைத் திறந்து உள்ளிருப்பதை எடுக்கையில் ஓரத்தில் மென்சதை தங்கிவிடும்; அது கண்ணில் அழற்சி உண்டாக்கும், மீண்டும் மறைக்கும். இரண்டாம் முறை வந்து ஊசியால் கிழித்துவிட வேண்டும். வர முடியாதவர்கள் என்ன செய்வது? பஞ்சாபில் ஜலந்தரில் பணியாற்றிய ஹென்றி ஸ்மித், வில்லையை உறையோடு சேர்த்தே வெளியே அழுத்தி எடுக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாயிரம் பேருக்குச் செய்தார். ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும் என்பது அதன் பலம். விழிக்கூழ் வெளியே வழிந்துவிடும் ஆபத்து அதன் பலவீனம். நீண்ட காலம் சர்ச்சை நடந்தது. பிற்காலத்தில் கருவிகள் மாறின; 1961இல் போலந்தின் கிர்வாவிச், உறைகுளிர் முனையில் வில்லையை ஒட்டவைத்து உரித்தெடுக்கும் வழியைச் சொன்ன பிறகு, உறையோடு எடுத்தல் பாதுகாப்பான, வேகமான முறையாக நிலைபெற்றது.

கண் முகாம்களின் பொற்காலம் இந்த முறையின் மேல் எழுந்ததுதான். திருத்தணிக்கு அருகில் அதன் மையம் வேலூர். ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த ஷெல் மருத்துவமனை பின்னர் கண் மருத்துவமனை ஆயிற்று. 1947இல் அங்கே வந்த விக்டர் ராம்போ கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தும் பழக்கத்தை வளர்த்தார். தெற்கே மதுரையில் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு, தம் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

தடித்த கண்ணாடியின் தண்டனை

உறையோடு வில்லையை எடுத்துவிட்டால் கண்ணின் குவிக்கும் திறனில் ஒரு பெரும் பகுதி போய்விடும். அந்தக் குறையை ஈடுகட்ட ஏறத்தாழ பிளஸ் 10 அளவுள்ள, சோடாபுட்டி அடிப்பாகம் போன்ற கண்ணாடியைப் போட வேண்டும். அறுவை வெற்றி என்று மருத்துவக் குறிப்பேடு முடிந்துவிடும். நோயாளியின் சிரமம் அங்கேதான் தொடங்கும். அந்தக் கண்ணாடி எதையும் கால் பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும். நேர்ப்பார்வைக்குச் சுற்றிலும் வளையம்போல ஒரு குருட்டுப் பகுதி இருக்கும். அதிலிருந்து ஆளும் மாடும் வண்டியும் திடீரென முன்னே குதிக்கும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரண்டு கண்ணின் உருவங்களும் ஒன்று சேரா. ஆண்டின் நாள் கணக்குக்கு 365 படி என்று சொல்லும் தணிகை மலையில் ஏறுவதைவிட, இத்தகைய கண்ணாடியோடு இறங்குவதுதான் கடினமாக இருந்திருக்கும். படியின் விளிம்பு இருக்கும் இடமும் கண்ணுக்குத் தெரியும் இடமும் வேறு. தறியில் உட்காருபவருக்குக் கிட்டப்பார்வைக்கென்று இன்னும் தடித்த வில்லை தேவை. கண்ணாடி உடைந்தால், தொலைந்தால், அவர் மறுபடியும் பார்வையற்றவரே.

இந்த நிலைக்கு மாற்று 1949 நவம்பர் 29 அன்றே தொடங்கிவிட்டது. போரில் விமானிகளின் கண்ணுக்குள் புகுந்த பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லி, அதே வகைப் பொருளால் செய்த வில்லையை லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பொருத்தினார். ஆனால் அந்த வில்லை திருத்தணிக் கிராமத்து விவசாயியின் கண்ணுக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. விலை முதல் தடை. முகாமில் இதைச் செய்தால் பாதுகாப்பாக இருக்குமா என்ற சந்தேகம் இன்னொரு தடை. வில்லை உட்கார உறையின் பின்பக்கம் மிஞ்ச வேண்டும். ஆகவே மருத்துவர்கள் கைதேர்ந்திருந்த உறையோடு எடுத்தலை விட்டுவிட்டு, உறையை விட்டு எடுத்தலுக்குத் திரும்ப வேண்டும். இதற்கு நுண்ணோக்கியும் புதுப் பயிற்சியும் வேண்டும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைத்தது மதுரையில் நடந்த ஓர் ஆய்வு. இலவச முகாம்களிலிருந்து வந்த, இரு கண்ணும் பார்வை இழந்த 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு சாராருக்கு உறையோடு எடுத்துத் தடித்த கண்ணாடியும், மறுசாராருக்கு உறையை விட்டு எடுத்து உள்விழி வில்லையும் தந்தார்கள். 1998இல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு அறுவையும் பாதுகாப்பானவையே. ஆனால் அன்றாட வேலைகளைச் செய்வதிலும் வாழ்க்கைத் தரத்திலும் வில்லை வைத்தவர்கள் தெளிவாக முன்னே நின்றார்கள். அறுவையின் தரத்தை நோயாளியின் அன்றாடத்தைக் கேட்டு அளந்தது இந்த ஆய்வின் பெருமை. தமிழகத்தின் கண் மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான திருப்புமுனை வேறு இல்லை என்று கருதுகிறேன்.

விலைத் தடையை உடைத்தது, அரவிந்த் 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் தொழிற்கூடம். இறக்குமதி வில்லையின் விலையோடு ஒப்பிட்டால் சிறு பங்குக்கு இங்கேயே வில்லை செய்ய முடிந்தது. உலக வங்கி உதவியோடு 1994 முதல் 2002 வரை நடந்த கண்புரைத் திட்டத்தின் ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஆந்திரமும் இருந்தன. எல்லையின் இரு பக்கத்திலும் ஒரே காலத்தில் வில்லை அறுவை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் அறுவை செய்யும் முகாம் பழக்கம் போய், முகாமில் சோதித்து மருத்துவமனைக்கு அழைத்துவந்து அறுவை செய்யும் முறை வேரூன்றியதும் இந்தக் காலத்தில்தான்.

தையல் இல்லா வெட்டு

உறையை விட்டு எடுக்கும் பழைய முறைக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் வெட்டு வேண்டும்; அதைத் தைக்க வேண்டும். தையலின் இறுக்கம் கருவிழியின் வளைவை மாற்றிப் பார்வையைக் கோணலாக்கும். தையல் பிரிக்க மறுபடி வர வேண்டும். சித்திரை வெயிலில் பேருந்து மாறி மாறி வரும் எழுபது வயது ஆளுக்கு அந்த ஒரு வருகை சிறிய காரியம் அன்று.

1990களில் இதற்குத் தீர்வு வந்தது. வெள்விழியில் தொடங்கிக் கருவிழிக்குள் நுழையும் சுரங்கப்பாதையாக வெட்டை அமைத்தால், கண்ணின் உள்ளழுத்தமே அதை மூடிவிடும், தையல் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் அளவுக்கு வாய் இருந்தால், முற்றிய புரையின் கருவையும் முழுதாக வெளியே எடுக்கலாம், மடங்காத வில்லையையும் உள்ளே வைக்கலாம். இஸ்ரேலின் மைக்கேல் புளூமென்தால், நேபாளத்தின் சந்துக் ரூயிட் ஆகியோர் இதன் வெவ்வேறு வடிவங்களை வளர்த்தார்கள். தமிழகத்தில் அரவிந்த் மருத்துவர்கள் இதை மிகப் பெரிய எண்ணிக்கையில் செய்து செம்மைப்படுத்தினார்கள். எஸ்.ஐ.சி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம், கைத்திறன் வேண்டும்.

இதற்கு இணையாகப் பணக்கார நாடுகளில் வளர்ந்தது பாகோ. அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன் 1967இல் தொடங்கிய இம்முறையில், மீயொலி அதிர்வால் வில்லையை உள்ளேயே உடைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். இன்று வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடிக்கும் வில்லை அதன் வழியே போய் உள்ளே விரிகிறது. சென்னையில் அமர் அகர்வால் 1998இல் வெட்டின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக் காட்டியது உலகக் கவனம் பெற்றது. நம் மக்கள் பாகோவை 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். அதில் லேசர் இல்லை. லேசரால் தொடக்க வெட்டுகளைச் செய்யும் தனி முறை ஒன்று உண்டு. அது பாகோவைவிட மேலான பலன் தரவில்லை, செலவுக்கும் ஈடாகவில்லை என்று பிரான்ஸில் நடந்து 2020இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

பாகோவையும் எஸ்.ஐ.சி.எஸ்.ஸையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட இரண்டு ஆய்வுகள் நமக்கு முக்கியமானவை. புனேயில் 400 கண்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் கண்ணாடி இல்லாமல் 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற்றவர்கள் பாகோவில் நூற்றுக்கு 81, எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் 71. கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரண்டிலும் 98. நேபாளத்தில் 108 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில் ஆறு மாத முடிவுகள் இரண்டிலும் சமம். நேரமும் செலவும் எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் குறைவு. கண்ணாடியில்லாப் பார்வையில் பாகோவுக்கு ஒரு மேன்மை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்லாக இறுகிக் கறுத்த புரையைப் பாகோவில் உடைக்க அதிக மீயொலி தேவை. அந்த ஆற்றல் கருவிழியின் உட்படலச் செல்களைக் கொல்லும். அவை மறுபடி வளரா. நாட்டுப்புறத்தில் தாமதித்து வருகிறவர்களிடம் அதிகம் காண்பது இத்தகைய புரைதான்.

வெட்டின் அளவை மட்டுமே வைத்து ஒப்பிடுவது எவ்வளவு குறைபாடானது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள் சிறிது மாக்ஸிஃபிளாக்சசின் மருந்தைச் செலுத்தும் வழக்கத்தை அரவிந்த் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். உள்விழிச் சீழ்த்தொற்று பத்தாயிரத்துக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்தது. எலியட்டின் மேசைக்கு வந்த கெட்ட கண்களை நினைத்தால், இது எந்த முறையின் வெற்றியைவிடவும் பெரியது.

திருத்தணி போன்ற ஊருக்கு எது பொருத்தம்? இளம் புரை, வசதியான வருமானம், தறியில் நுண்வேலை என்றால் பாகோவும் மடிக்கும் வில்லையும் நல்லவை. வில்லையைத் தூரப்பார்வைக்கு அமைத்தால் நூல் கோக்கக் கிட்டக்கண்ணாடி தேவைப்படும் என்பதை நெசவாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முற்றிய புரைக்கு எஸ்.ஐ.சி.எஸ்.ஸே முதல் தேர்வு. அதை ஏழைக்கான இரண்டாம் தர ஆபரேஷன் என்று பேசுவது ஆதாரமற்றது. இன்று பல பயிற்சி மருத்துவர்கள் பாகோவை மட்டுமே விரும்பிக் கற்கும் போக்கு கவலை தருகிறது. கறுத்த புரையோடு வருபவரை நேர்த்தியாகக் கையாளும் கை அடுத்த தலைமுறைக்கும் வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக வைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. 'புரை முற்றட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரியவர்களைக் காக்க வைப்பது, வில்லை இறுகினால்தான் சுத்தமாக வெளிவரும் என்றிருந்த பழைய அறுவைக்காலத்து அறிவுரை. இன்றைய எந்த முறைக்கும் அது தேவையில்லை. காத்திருப்பது அறுவையைக் கடினமாக்கவே செய்யும். அம்மாவோ தாத்தாவோ படியில் தடுமாறத் தொடங்கினால், அந்த மாதமே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.